மெழுகில் பதித்த இழையமும் ஒளிரும் சாயமும்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவிகளுக்கு நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தப் பாடசாலையின் உயிரியல் ஆய்வுகூடத்தில் ஒரே மேசையில் நின்று வெங்காயத் தோல் உரித்தவர்கள் நாங்கள் இருவரும். அன்று ஒரு நுணுக்குக்காட்டிக்காகச் சண்டை பிடித்தோம். இன்று நோயியல் ஆய்வுகூடமொன்றில் ஒன்றாக வேலை செய்கிறோம். சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் வேலையில் ஒரு பகுதியையும், அதில் நாங்கள் விட்ட ஒரு பிழையையும் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நோயாளியிடமிருந்து எடுத்த சிறு இழையத்துண்டைப் போமலினில் இடுவோம். போமலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து, இழையம் அழுகாமல் காக்கிறது. பிறகு நீரை அகற்றி, உருகிய பரபின் மெழுகில் பதிப்போம். அந்த மெழுகுக்கட்டி ஆண்டுக்கணக்கில் கெடாது. வேண்டியபோது 3 அல்லது 4 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி வழுக்கியில் ஏற்றலாம்.

அந்த இழையத்தில் ஒரு குறிப்பிட்ட புரதம் எங்கே இருக்கிறது என்று எப்படி அறிவது? அமெரிக்காவின் ஹாவாட் மருத்துவக் கல்லூரியில் அல்பேட் கூன்ஸ் என்பவரும் சகாக்களும் 1941 இல் வழி காட்டினார்கள். ஒரு பிறபொருளெதிரி தனக்குரிய பொருளை மட்டுமே தேடிப் பிடிக்கும். அதனுடன் ஒளிரும் சாயத்தைக் கட்டிவிட்டால், அது பிடித்த இடத்தை நாம் காணலாம். அவர்கள் முதலிற் கட்டிய சாயம் நீலமாக ஒளிர்ந்தது. இழையங்களும் தாமாகவே நீலமாக ஒளிர்வதால் குழப்பம் வந்தது. ஆகவே பச்சையாக ஒளிரும் புளோரசீனுக்கு மாறினார்கள். இந்தக் குழப்பத்தை நினைவில் வைத்திருங்கள். எங்கள் கதையிலும் அது வரும்.

மெழுகில் பதித்த இழையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. போமலின் போட்ட பிணைப்புகள், பிறபொருளெதிரி பிடிக்க வேண்டிய இடத்தையும் மறைத்துவிடும். 1991 இல் ஷி என்பவரும் சகாக்களும், வழுக்கிகளை மைக்ரோவேவ் அடுப்பில் சூடாக்கினால் அந்த இடங்கள் மீளத் திறக்கும் என்று காட்டினார்கள். இன்று பலர் சித்திரேற்றுத் தாங்கற்கரைசலில் சூடாக்குகிறார்கள். சிறுநீரக இழையத்துக்குப் பெரும்பாலும் புரொனேஸ் என்ற நொதியத்தைப் பயன்படுத்துவோம். நொதியம் குறைந்தால் மறைப்பு நீங்காது. கூடினால் இழையமே கரைந்து போகும்.

இனி எங்கள் பிழை. சிறுநீரகச் சோதனைக்கு வழமையாக உறையவைத்த துண்டையே எடுப்போம். ஒருமுறை அந்தத் துண்டில் ஒரு கலன்கோளமும் இருக்கவில்லை. மெழுகில் பதித்த துண்டில் மட்டும் சில இருந்தன. நோயாளிக்கு மறுபடி ஊசி ஏற்ற வேண்டாமே என்று மெழுகுத் துண்டைச் சீவினோம். சைலீனில் மெழுகை நீக்கி, எதனோல் வழியாக நீருக்குக் கொண்டுவந்து, நொதியமிட்டு, ஐ.ஜி.ஜி என்ற புரதத்தைத் தேடும் பிறபொருளெதிரியை இட்டு, இருட்டில் வைத்துக் கழுவினோம். விலை கூடிய நேரம், வேலை முடியும் வேளை. ஆகவே நோயாளியின் வழுக்கி ஒன்றை மட்டும் செய்தோம்.

கலன்கோளங்கள் பச்சையாக ஒளிர்ந்தன. எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஒருத்தி அறிக்கை எழுதப் பேனாவை எடுத்தாள். மற்றவள், “கட்டுப்பாட்டுச் சோதனை எங்கேயடி?” என்று கேட்டாள். இருவரும் வாயடைத்துப் போனோம்.

மறுநாள் மூன்று வழுக்கிகள் வைத்தோம். ஒன்று நோயாளியினது. இன்னொன்று அதே இழையம், பிறபொருளெதிரி இடாதது. மூன்றாவது, ஐ.ஜி.ஜி இருப்பதாக முன்பே தெரிந்த சிறுநீரகம். மூன்றாவது ஒளிர்ந்தது, செய்முறையில் குறையில்லை. ஆனால் பிறபொருளெதிரியே இடாத வழுக்கியிலும் அதே பச்சை! வடிகட்டியை மாற்றிப் பார்த்தோம், சிவப்பிலும் ஒளிர்ந்தது. புளோரசீன் அப்படி ஒளிராது. நாங்கள் கண்டது மயிர்த்துளைக் குழாய்களில் தங்கிய செங்குழியங்கள் தாமாகவே ஒளிர்ந்ததைத்தான்.

ஐ.ஜி.ஜி காணப்படவில்லை என்று எழுதினோம். மெழுகுத் துண்டில் இந்த முறையின் உணர்திறன் உறையவைத்த துண்டிலும் குறையலாம் என்பதையும் சேர்த்து எழுதினோம். முதல்நாள் அறிக்கை போயிருந்தால், தேவையில்லாத கடும் மருந்து ஒருவரின் உடலில் ஏறியிருக்கக்கூடும்.

தங்கைகளே, இலையில் மாப்பொருள் சோதிக்கும்போது ஒரு பகுதியைக் கறுப்புக் கடதாசியால் மூடுகிறீர்களே, அதை வெறும் புள்ளிக்கான வேலை என்று எண்ணவேண்டாம். கட்டுப்பாட்டுச் சோதனை இல்லாத கொப்பியைச் சிவப்புப் பேனாவால் வெட்டிய எங்கள் உயிரியல் ஆசிரியையை அன்று மனதுக்குள் திட்டினோம். இன்று அவருக்குக் கைகூப்பி நன்றி சொல்கிறோம்.

நூறு ஆண்டுகளாக இந்தக் கூடத்தில் பிழை திருத்திய எல்லா ஆசிரியர்களுக்கும் எங்கள் வணக்கம்.