செவிலியர் கல்வி: விண்ணப்பிக்குமுன் கேட்க வேண்டியவை

(பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் - பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியர் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



பொன்விழா மேடையில் வாழ்த்துரை கூறப் பெரியவர்கள் பலர் இருக்கின்றனர். என்னிடம் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டது வேறு. "பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளில் பலர் நர்சிங் படிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கே சேர்ப்பது, பிறகு எந்தத் துறைக்குப் போவது என்று தாய் தகப்பன்மார் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வார்டிலும் வகுப்பறையிலும் நின்றவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரியை அதன் மருத்துவமனையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சிறப்புத் துறையை நோயாளிகளோடு சிறிது காலம் இருந்து பார்த்தபின் தேர்ந்தெடுங்கள். இவ்விரண்டிலும் அவசரப்பட்டவர்கள் நகையையும் நிலத்தையும் அடகு வைத்துவிட்டுக் கலங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் படிப்புகளைப் பற்றி. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப்பிரிவினருக்கு அறிவியல் பாடங்களில் 45 சதவீதம் தேவை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். ஜி.என்.எம். என்பது மூன்றாண்டு டிப்ளமோ. கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் இதற்கு வரலாம். "பயாலஜி எடுக்கவில்லையே" என்று அழும் பிள்ளைகள் இதை அறிந்துகொள்ளட்டும். டிப்ளமோவை முடித்துப் பதிவு பெற்றவர், பின்னர் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. படித்துப் பட்டதாரியும் ஆகலாம். ஆகவே டிப்ளமோவைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இனி இடம் கிடைக்கும் வழி. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்படிப்புகளுக்கான மாநில நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. அரசு நர்சிங் கல்லூரிகளின் பட்டப்படிப்பு இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பிளஸ் டூ அறிவியல் மதிப்பெண்ணே தரவரிசையை முடிவு செய்கிறது. அரசுக் கல்லூரி இடங்கள் சொற்பம், கேட்பவர்களோ ஏராளம். அரை மதிப்பெண்ணில் தவறிப்போவோரும் உண்டு. ஆகவே, "நர்சிங்தானே, பாஸ் செய்தால் போதும்" என்ற பேச்சு வீட்டில் வேண்டாம்.

வேறு வாசல்களும் உள்ளன. எய்ம்ஸ் நிறுவனங்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு. அதில் 100 கேள்விகள். இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு முப்பது முப்பது, பொது அறிவுக்குப் பத்து. புதுச்சேரி ஜிப்மருக்கு நீட் மதிப்பெண் தேவை. இராணுவச் செவிலியர் பணிக்கான நான்காண்டுப் படிப்பில் பெண்களைச் சேர்க்கிறார்கள். 2022 முதல் அதற்கும் நீட் மதிப்பெண் கேட்கிறார்கள்; அதன்பின் வேறு தேர்வும் நேர்காணலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. டாக்டர் படிப்புக்கு மட்டுமே நீட் என்று எண்ணி, நர்சிங் விரும்பும் பிள்ளை அதை எழுதாமல் விட்டுவிடக் கூடாது.

விண்ணப்பத்தில் நம் பங்கு மக்களுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் மூன்றாவது பெயர்! ஓரிடத்தில் தகப்பனாரின் பெயர் இனிஷியலாக இருக்கும். இன்னோரிடத்தில் முழுப்பெயராக இருக்கும். கிறிஸ்தவச் சிறுபான்மைக் கல்லூரிகள் பல, ஞானஸ்நானச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் கேட்கும். கடைசி நாளன்று கோயில் அலுவலகத்துக்கு ஓடிவந்து பயனில்லை. பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே பெயர்களை ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். இன்று திருத்தாத எழுத்துப் பிழை, நாளை பதிவுச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் வந்து நிற்கும்.

அடுத்து, கல்லூரியைப் பார்க்கப் போகும் பெற்றோர்களே, வழவழப்பான தரையையும் ஏசி வகுப்பறையையும் பார்த்து மயங்கிவிடாதீர்கள். நேரே மருத்துவமனையைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை படுக்கை? எத்தனை படுக்கையில் நோயாளி இருக்கிறார்? பிரசவ வார்டு உண்டா, குழந்தைகள் வார்டு உண்டா? ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கு இருக்க வேண்டும் என்பது கவுன்சில் விதி. சொந்த மருத்துவமனை இல்லாமல், பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வேறோர் ஊர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லும் பள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே கட்டிலைச் சுற்றி இருபது பேர் நிற்பார்கள். முன்வரிசையில் நின்றவள் பார்த்தாள். பின்வரிசையில் நின்றவள் கேட்டாள். தொட்டுச் செய்தவர் யாருமில்லை. ஊசி போடுவதைப் புத்தகத்தில் படித்த கை, முதல் நோயாளியின் நரம்பைத் தேடும்போது நடுங்கும். அதன் வலி நோயாளிக்கு, அவமானம் பிள்ளைக்கு.

கவுன்சிலின் அங்கீகாரமும், மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும், பட்டப்படிப்பானால் பல்கலைக்கழக இணைப்பும் அந்த ஆண்டுக்கு உண்டா என்று எழுத்தில் பாருங்கள். மாநிலப் பதிவு இல்லாதவர் நர்சாக வேலை செய்ய முடியாது. மூலச் சான்றிதழ்களைக் கொடுத்தால் இரசீது வாங்குங்கள். கட்டணம் எவ்வளவு, விடுதிக்கு எவ்வளவு, சீருடைக்கும் தேர்வுக்கும் எவ்வளவு என்று நான்கு ஆண்டுக்கும் கூட்டிக் கேளுங்கள். கேள்வி கேட்கும் பெற்றோரைக் கண்டு முகம் சுளிக்கும் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டாம்.

நேர்காணல் உள்ள இடங்களில் தவறாமல் கேட்பது ஒரு கேள்வி: "ஏன் நர்சிங்?" நூற்றுக்குத் தொண்ணூறு பேர் "சேவை செய்ய" என்பார்கள். தேர்வுக்குழுவில் அமர்ந்து அந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது பழகிவிட்டது. ஒரு முறை ஒரு பெண், "எங்கள் பாட்டி ஏழு மாதம் படுக்கையில் இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் புண் வராது என்று நர்சம்மா சொன்னார்கள். அப்படியே செய்தேன். புண் வரவில்லை" என்றாள். சேவை என்ற சொல்லையே அவள் சொல்லவில்லை. எங்களுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. மாணவியரே, மனப்பாடம் செய்த பதிலை விடுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதை, கையால் செய்ததைச் சொல்லுங்கள்.

அன்பு மட்டும் போதும், படிப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். புனித அன்னை தெரசா 1948-இல் லொரேட்டோ மடத்தைவிட்டு வந்தபோது உடனே சேரிக்குப் போய்விடவில்லை. பாட்னாவில் மெடிக்கல் மிஷன் சகோதரிகளின் திருக்குடும்ப மருத்துவமனையில் நோயாளிப் பராமரிப்பைக் கற்றுக்கொண்டு, அவ்வாண்டு டிசம்பரில்தான் கல்கத்தாவுக்குத் திரும்பினார். அன்னைக்கே பயிற்சி வேண்டியிருந்தது.

இனி, எந்தத் துறை என்ற கேள்வி. எம்.எஸ்ஸி. நர்சிங்கில் ஐந்து பிரிவுகள் உண்டு: பொது மருத்துவம் - அறுவை, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம், சமுதாய நலம். இவை தவிர தீவிர சிகிச்சை, அறுவை அரங்கு, சிறுநீரகம், புற்றுநோய், பச்சிளங்குழந்தை, முதியோர் எனப் பல துறைகளில் ஓராண்டு டிப்ளமோக்கள் உண்டு. பட்டம் பெற்று ஓராண்டாவது வேலை பார்த்தவரைத்தான் எம்.எஸ்ஸி.யில் சேர்க்கலாம் என்பது விதி. முதலில் வார்டில் நில், பிறகு துறையைச் சொல் என்று விதியே கூறுகிறது, பாருங்கள்.

ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு குணத்தைக் கேட்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நர்ஸ் என்பது முறை. நோயாளி பேசமாட்டார், எண்களும் குழாய்களும்தான் பேசும். இரவு மூன்று மணிக்கும் கண் அயராதவர்களுக்கு உரிய இடம் அது. அறுவை அரங்கில் உள்ளே போன பஞ்சும் துணியும் கருவியும் எண்ணிக்கை குறையாமல் வெளியே வந்தாக வேண்டும். கணக்கு சரியில்லை என்று பெரிய சர்ஜனிடமும் துணிந்து சொல்லும் நாக்கு வேண்டும். குழந்தைகள் வார்டில் மருந்தளவு உடல் எடையைக் கொண்டு கணக்கிடப்படும். ஒரு புள்ளி இடம் மாறினால் மருந்து பத்து மடங்காகிவிடும். கணக்கில் கவனமில்லாதவர் குழந்தையைக் கொஞ்சலாம்; மருந்து கொடுக்கலாகாது. டயாலிசிஸ் பிரிவிலோ அதே நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் வருவார். அவர் வீட்டுக் கதை முழுவதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மகப்பேற்றுத் துறைக்கும் நம் திருச்சபைக்கும் ஒரு வரலாறு உண்டு. ஒரு காலத்தில் கன்னியர் பிரசவம் பார்ப்பதைத் திருச்சபைச் சட்டம் அனுமதிக்கவில்லை. ஆண் மருத்துவரிடம் வரத் தயங்கிய இந்தியத் தாய்மார் உதவியின்றி இறப்பதைக் கண்ட பெண் மருத்துவர்கள் இதை மாற்றப் போராடினர். ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி கிளவுரி 1920-இல் தனி அனுமதி பெற்றுக் குண்டூருக்கு வந்து, துறவியாகவும் மருத்துவராகவும் உழைத்தார். 1943-இல் கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. இதற்கிடையே 1936-இல் உரோமை தன் தடையை நீக்கிற்று. இன்று பிரசவ வார்டில் ஒரு அருட்சகோதரி நிற்பது நமக்குச் சாதாரணம். அந்த உரிமை போராடிப் பெற்றது.

மனநலத் துறை என்றால் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். "பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலா என் மகள்?" என்கிறார்கள். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794-இல் தொடங்குகிறது. அத்தனை ஆண்டுகள் கடந்தும் நம் பேச்சு மாறவில்லை. கேட்கக் காதும் பொறுமையும் உள்ள பிள்ளைக்கு அதைவிடத் தகுந்த இடம் இல்லை. அவ்வாறே சாவை நெருங்கியவர்களுக்கான வலி தணிப்புப் பராமரிப்பு. இலண்டனில் 1967-இல் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்து அத்துறைக்கு வழிகாட்டிய சிசிலி சாண்டர்ஸ், டாக்டர் ஆகும் முன் நர்சாக இருந்தவர். சமுதாய நலச் செவிலியரோ வீடு தேடிப் போகிறவர். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு வாசலிலேயே மாத்திரை கிடைக்கிறது. அங்கே நவீனக் கருவிகள் குறைவு. ஆனால் நோய் முற்றுமுன் தடுக்கும் புண்ணியம் அதிகம்.

வெளிநாட்டைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் விடமாட்டீர்கள். போகட்டும், தவறில்லை. நம் பங்கில் எத்தனையோ வீடுகள் அந்தச் சம்பாத்தியத்தில் எழுந்தவை. ஆனால் கடன் பிள்ளையைத் துரத்தக் கூடாது. 2014-இல் ஈராக்கின் திக்ரித் நகரில் போருக்கு நடுவே 46 இந்திய நர்சுகள் சிக்கிக்கொண்டு, ஜூலை மாதம் மீட்கப்பட்டனர். பெரும்பாலோர் கேரளத்தவர். குண்டு விழும் ஊரைவிட்டு வரவும் சிலர் தயங்கினர்; காரணம், ஊரில் வாங்கிய கடன். 2015 முதல் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் நர்சுகளுக்குக் குடியேற்ற அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இதற்கென அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இருக்கிறது. ஏஜெண்டிடம் பணம் கட்டுமுன் அங்கே சென்று விசாரியுங்கள். எந்த நாடு கேட்பதும் நல்ல வார்டு அனுபவத்தைத்தான்.

ஆண்பிள்ளைகளே, இது உங்களுக்கும் உரிய தொழில். நோயாளியைத் தூக்கவும் ஆற்றவும் ஆணின் கைக்கும் தெரியும். அதேபோல, பெற்றோர்களே, விருப்பமில்லாத மகளை இதில் தள்ளாதீர்கள். சேருமுன் ஒரு வாரம் நம் ஊர் ஆஸ்பத்திரியில் உறவினர் ஒருவருக்குத் துணையாக இருக்கச் செய்யுங்கள். வாந்தியையும் இரத்தத்தையும் இரவின் நீளத்தையும் பார்த்தபின்னும் "போகிறேன்" என்றால் அனுப்புங்கள்.

இறுதியாக, பங்குப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பொன்விழா நினைவாகத் தூண் எழுப்பலாம், வளைவு கட்டலாம். அவற்றோடு இதையும் செய்யலாம்: ஆண்டுதோறும் பிளஸ் டூ முடிவு வரும் மாதத்தில், ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போடுங்கள். நம் பங்கைச் சேர்ந்த நர்சுகள் முறைவைத்து அமர்ந்து, பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் சரிபார்க்கட்டும். எந்தக் கல்லூரியில் எத்தனை படுக்கை என்று உள்ளதை உள்ளபடி சொல்லட்டும். கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு பிள்ளைக்கு வட்டியில்லாக் கடன் தர ஒரு சிறு நிதி தொடங்குங்கள். மேசைக்கு முதல் ஆளாக நான் வருகிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டால் எழுத்துப் பிழை இன்னும் எனக்குத் தெரிகிறது.