வழுக்கும் கார் விளக்கு எரிகிறதா? பாகத்தை மாற்றும் முன் குறியீட்டைப் படியுங்க
(உரையின் எழுத்து வடிவம்)



மழைக்காலம் தொடங்கினால் மெக்கானிக் கடைகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணே, டேஷ்போர்டில் ஒரு கார் படம், கீழே ரெண்டு வளைஞ்ச கோடு, மஞ்சளா எரியுது. வண்டி நல்லாத்தான் ஓடுது. அப்படியே ஓட்டலாமா?" இன்றைக்கு அந்த ஒரு விளக்கைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அது டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கு. காரின் நான்கு சக்கரங்களிலும் வேகத்தை அளக்க ஆளுக்கொரு சென்சார் இருக்கிறது. ஏபிஎஸ் பிரேக்குக்கும் இதே சென்சார்கள்தான் கண். ஈரச் சாலையில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஒரு சக்கரம் மட்டும் பிடிமானம் இல்லாமல் சுழன்றால், கணினி அதைக் கவனித்து எஞ்சின் விசையைக் குறைக்கும். தேவைப்பட்டால் அந்தச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் பிடிக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் மழையில் ஏறுகிறவருக்கு இந்த உதவியின் அருமை தெரியும்.

முதலில் விளக்கு எப்படி எரிகிறது என்று பாருங்க. ஓட்டும்போது சில நொடி மினுக்கி அணைந்தால் பழுது இல்லை. சக்கரம் வழுக்கியது, கருவி வேலை செய்தது, அவ்வளவுதான். வேகத்தைக் குறைத்தால் போதும். 'ஆஃப்' என்ற எழுத்தோடு எரிந்தால், யாரோ தெரியாமல் பொத்தானை அழுத்தியிருக்கலாம். மறுபடி அழுத்திப் பாருங்க. அணையாமல் தொடர்ந்து எரிந்தால்தான் கருவி தன்னை நிறுத்திக்கொண்டது என்று பொருள். வண்டி ஓடும், வழக்கமான பிரேக்கும் பிடிக்கும். ஆனால் வழுக்கினால் காப்பாற்ற அந்தத் துணை இருக்காது. நிதானமாக ஓட்டி, சீக்கிரம் காட்டிவிடுங்க.

ஒரே ஒரு நிலையில் மட்டும் ஓட்டவே கூடாது. மஞ்சள் ஏபிஎஸ் விளக்கும் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால், ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்க. இறங்கியிருந்தும் எரிந்தால் வண்டியை ஓரங்கட்டி, மீட்பு வண்டியை வரவழையுங்க. தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம்.

மஞ்சள் விளக்கு மட்டும்தான் என்றால், காசு செலவழிக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை சில. எஞ்சினை அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்க. நான்கு டயரிலும் காற்று சரியா, நான்கும் ஒரே அளவா? சின்ன அளவு ஸ்டெப்னி மாட்டியிருந்தால் சக்கர வேகம் ஒத்துப்போகாது, விளக்கு எரியும். ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்விளக்கைப் பாருங்க. எரியவில்லை என்றாலோ, மிதிக்காமலே எரிந்தாலோ, பெடலுக்கு மேலே இருக்கும் விலை குறைந்த பிரேக் சுவிட்ச் காரணமாக இருக்கலாம். பேட்டரி பலவீனமானாலும் இப்படி ஆகும்: எஞ்சின் அணைந்திருக்கும்போது சுமார் 12.5 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு எரிந்தால், பல கார்களில் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்பிவிட்டுச் சிறிது தூரம் நேராக ஓட்டினாலே அணைந்துவிடும். எஞ்சின் செக் விளக்கும் கூடவே எரிந்தால், எஞ்சின் பழுதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இவை எதுவும் இல்லையென்றால் குறியீட்டைப் படிக்க வேண்டும். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஓபிடி இணைப்பு இருக்கும். அதில் சின்ன புளூடூத் கருவியைச் செருகி, உங்கள் போன் செயலியிலேயே படிக்கலாம். ஒன்றைக் கவனியுங்க: மலிவான கருவிகள் பல 'பி' என்று தொடங்கும் எஞ்சின் குறியீடுகளை மட்டுமே காட்டும். நமக்கு வேண்டியது 'சி' என்று தொடங்கும் ஏபிஎஸ் குறியீடு. வாங்கும் முன் உங்கள் கார் மாடலின் ஏபிஎஸ் பகுதியைப் படிக்குமா என்று கேளுங்க. தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலிக்கு அனுமதி தர வேண்டியதில்லை.

சி0035 வந்தால் முன் இடது சக்கரம், சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. சில நிறுவனங்கள் தங்களுக்கென வேறு எண்களும் வைத்திருக்கும். இங்கேதான் பலருடைய பணம் வீணாகிறது. குறியீடு 'சென்சார் கெட்டுவிட்டது' என்று சொல்வதில்லை. 'இந்தச் சக்கரத்திலிருந்து சரியான தகவல் வரவில்லை' என்றுதான் சொல்கிறது. சென்சார் முனையில் சேறும் இரும்புத்தூளும் படிந்திருக்கலாம். எலி வயரைக் கடித்திருக்கலாம். இணைப்பில் தண்ணீர் புகுந்து பச்சை பூத்திருக்கலாம். சென்சார் படிக்கும் பல்வளையம் விரிசல் விட்டிருக்கலாம். காந்த வளையம் பேரிங்கோடு சேர்ந்த வண்டிகளில் பேரிங்கே தேய்ந்திருக்கலாம். இத்தனையும் இருக்க, நேராகப் புது சென்சார் மாற்றினால் ஒரு வாரத்தில் விளக்கு மறுபடி எரியும்.

அதனால் மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்க: "ஸ்கேனரில் நாலு சக்கர வேகத்தையும் காட்டுங்க." காலியான சாலையில் ஒருவர் 20 கிலோமீட்டர் வேகத்தில் நேராக ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். மூன்று சக்கரம் 20 காட்டி ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தாலோ, எகிறிக் குதித்தாலோ, தேட வேண்டிய இடம் அதுதான். முதலில் துடையுங்க, பிறகு வயரை அளந்து பாருங்க, கடைசியாகப் பாகத்தை மாற்றுங்க. வேலை முடிந்ததும் குறியீட்டை அழித்து, வண்டியை ஓட்டி, விளக்கு திரும்ப வரவில்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுங்க.

குறியீட்டை மட்டும் அழித்துக் கொடுப்பது பழுது நீக்கம் ஆகாது. பல்பைக் கழற்றுவதும் ஃபியூஸைப் பிடுங்குவதும் அதைவிட ஆபத்து. டிராக்‌ஷனோடு ஏபிஎஸ்ஸும் போய்விடும்.

உங்கள் போன் இங்கே இன்னொரு வகையிலும் உதவும். விளக்கு எரிவதையும், திரையில் வந்த குறியீட்டையும், கிலோமீட்டர் அளவையும் படம் எடுத்து வையுங்க. ஜாப் கார்டில் குறியீட்டை எழுதச் சொல்லுங்க. மாற்றிய பழைய பாகத்தையும் ரசீதையும் கேட்டு வாங்குங்க. வாரன்டி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்க. செய்யாத வேலைக்குப் பணம் வாங்கினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனு செய்யலாம்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். நீங்கள் எடுத்து வைத்த படங்கள் அங்கே பேசும்.

அடுத்த மழைக்கு முன் சாவியைத் திருப்பிப் பாருங்க. எல்லா விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். அணையாதது எது என்று குறித்துக்கொண்டு கிளம்புங்க.