சுருட்டை முடிக்கும் உரிமை உண்டு



முடியில் என்ன உரிமைப் போராட்டம் என்று கேட்கலாம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள். சுருட்டை முடியோடு போனால் ஒழுங்கில்லை என்று வேலையிடத்திலும் பள்ளியிலும் ஒதுக்கினார்கள். அதற்குப் பயந்து பலர் ரசாயனம் போட்டு முடியை நேராக்கினார்கள். ஒட்டுமுடி வைத்து இறுக்கிப் பின்னினார்கள். இழுபட்டு இழுபட்டு நெற்றியோரமும் காதோரமும் முடி கொட்டியது. ஆரம்பத்திலேயே இழுப்பதை நிறுத்தினால் மீண்டும் முளைக்கும். வேர் தழும்பாகிவிட்டால் முளைக்காது.

அதனால் பலர் முடியைக் குட்டையாக வெட்டி இயற்கையாக விடுகிறார்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மென்மையான ஷாம்பு, பிறகு கண்டிஷனர். ஈரம் காயுமுன் அகலப்பல் சீப்பால் நுனியிலிருந்து வேர் நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். இரவில் சாட்டின் துணி கட்டிப் படுக்கலாம். ஓரத்தை ஒட்டவும் மேலே சற்று நீளமாகவும் வெட்டினால் கொட்டிய இடம் அவ்வளவாகத் தெரியாது. உச்சந்தலையில் எரிச்சல், வலி இருந்தால் எண்ணெயை நம்பி நாள் கடத்தாமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

2019இல் கலிபோர்னியா மாநிலம் 'கிரௌன்' சட்டம் இயற்றியது. இயற்கை முடிக்காக வேலையிலும் பள்ளியிலும் ஒதுக்குவது அங்கே சட்டவிரோதம். பல மாநிலங்கள் பின்பற்றின. நாடு முழுவதற்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறியது. செனட் சபையில் நிறைவேறவில்லை. 2020 ஜனவரியில் கீழவை உறுப்பினர் அயானா பிரெஸ்லி, முடி கொட்டிய தன் தலையை மறைக்காமல் மக்கள் முன் காட்டினார்.

உரிமை பேசும் நாமும், நம் வீட்டுச் சுருட்டைத் தலைப் பிள்ளையைப் 'பரட்டை' என்று கூப்பிடாமல் இருப்போம்.