ரொட்டிக்காரரின் கல்லறையில் யாருடைய பெயர் இருக்கிறது?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

ரோமானியக் கலை என்றதும் நம் நினைவுக்கு வருவது பேரரசர்களின் பளிங்குச் சிலைகள்தான். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் பார்த்தோம். ஆனால் எந்தச் சமூகத்தின் கலையைப் பார்த்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். இதற்குக் காசு கொடுத்தவர் யார்? இதில் பெயரோடு நிற்பவர் யார்? பெயரில்லாமல் வேலை செய்துகொண்டிருப்பவர் யார்? இந்தக் கேள்விகளோடு மூன்று இடங்களுக்குப் போய் வருவோம்.

முதலாவது, ரோம் நகரில் உள்ள ஆரா பாசிஸ். அமைதிப் பலிபீடம் என்று பொருள். அகஸ்டஸ் ஆட்சியில் செனட் சபை கிமு 13இல் முடிவெடுத்து, கிமு 9இல் அர்ப்பணித்தது. அதன் பக்கச் சுவர்களில் ஒரு நீண்ட ஊர்வலம் செதுக்கப்பட்டிருக்கிறது. அகஸ்டஸ், அவர் குடும்பத்தார், பூசாரிகள், செனட்டர்கள். ஆண்களில் பெரும்பாலோர் டோகா அணிந்திருக்கிறார்கள். டோகா என்பது குடிமகனின் உடை. அடிமைக்கு அதை உடுத்தும் உரிமை இல்லை. மடிப்பு மடிப்பாக உடம்பைச் சுற்றிய அந்தத் துணியோடு குனிந்து வேலை செய்யவும் முடியாது. 'நான் உடலுழைப்பு செய்ய வேண்டியவன் இல்லை' என்பதை அந்த உடையே சொல்லிவிடுகிறது.

உழைப்பைப் பற்றி ரோமானிய மேல்தட்டு என்ன நினைத்தது? சிசரோ கிமு 44இல் தன் மகனுக்காக, கடமைகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கைவினைஞர்கள் செய்வதெல்லாம் இழிதொழில், பட்டறையில் சுதந்திர மனிதனுக்குத் தகுந்தது எதுவும் இருக்க முடியாது என்கிறார் அதில். கூலி வாங்குவதே அடிமைத்தனத்துக்கு அச்சாரம் என்பது அவர் கருத்து. மீன் விற்பவர், கறி வெட்டுபவர், சமையல்காரர் என்று பட்டியலே போடுகிறார். இந்தக் குரலை நமக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை, தோழர்களே.

இரண்டாவது இடம், அதே ரோம் நகரின் போர்ட்டா மஜ்ஜோரே வாயில். 1838இல் அங்கிருந்த பழைய கோபுரம் ஒன்றை இடித்தபோது, அதற்குள் புதைந்திருந்த ஒரு கல்லறை வெளிப்பட்டது. கிமு முதல் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது, அதாவது சிசரோவின் காலத்தை ஒட்டியது. கட்டியவர் மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாசெஸ். தொழில், ரொட்டி சுடுவது. அரசுக்கு ஒப்பந்தத்தில் ரொட்டி கொடுத்தவர்.

அவர் பெயரைக் கவனியுங்கள். முதல் இரண்டும் ரோமானியப் பெயர், கடைசி கிரேக்கப் பெயர். ரோமில் விடுதலை பெற்ற அடிமை தன் எஜமானரின் பெயரை முன்னால் சுமக்க வேண்டும். அடிமையாக இருந்த நாளின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும். அதனால் யூரிசாசெஸ் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

மேல்தட்டு எதை இழிதொழில் என்றதோ அதையே அவர் கல்லறை முழுக்கச் செதுக்கி வைத்தார். மேலே சுற்றி ஓடும் சிற்ப வரிசையில் ரொட்டி உருவாகும் கதை முழுவதும் இருக்கிறது. கழுதைகள் திரிகை சுற்றுகின்றன, மாவு சலிக்கிறார்கள், பிசைகிறார்கள், மேசையைச் சுற்றி நின்று உருட்டுகிறார்கள், அடுப்பில் தள்ளுகிறார்கள், கடைசியில் எடை போடுகிறார்கள். முதன்முதலில் இதன் படத்தைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இழிவு என்று நீ சொன்னதை நகரத்துக்குள் நுழையும் சாலையிலேயே நட்டு வைக்கிறேன் பார், என்று அந்த மனிதர் சொல்வதுபோல் இருந்தது.

பிறகு மூன்றாவது கேள்வியைக் கேட்டேன். மாவு பிசைபவர்கள் முழங்கால்வரை ஆடை கட்டியிருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே சிலர் டோகாவோடு நின்று மேற்பார்வை பார்க்கிறார்கள். கல்வெட்டு யூரிசாசெஸின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. மாவு பிசைந்தவர் ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. அன்றைய பெரிய ரொட்டிக்கூடங்கள் அடிமை உழைப்பில்தான் ஓடின. மேலே வந்தவர் தொழிலின் மானத்தை மீட்டார். தொழிலாளியின் பெயரை மீட்கவில்லை.

மூன்றாவது இடம் பாம்பேயி. கிபி 79இல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த ஊர். அங்கே வெட்டியீ என்ற இருவரின் வீடு இருக்கிறது. அவர்களும் விடுதலை பெற்ற அடிமைகள் என்றே கருதப்படுகிறார்கள், பெரும் பணக்காரர்களாகிவிட்டவர்கள். அவர்கள் வீட்டுச் சுவரோவியத்தில் சிறகு முளைத்த மன்மதக் குழந்தைகள் விளையாட்டுப்போல் நகை செய்கின்றன, வாசனை எண்ணெய் காய்ச்சுகின்றன, துணி வெளுக்கின்றன.

துணி வெளுப்பது உண்மையில் எப்படி நடந்தது? மூத்திரம் கலந்த தொட்டிக்குள் இறங்கி, மணிக்கணக்கில் காலால் மிதிக்க வேண்டும். அதே ஊரின் சலவைப் பட்டறை ஒன்றில் தொழிலாளர்கள் தொட்டியில் நின்று மிதிக்கும் ஓவியம் கிடைத்திருக்கிறது. ஆனால் வெட்டியீ வீட்டு ஓவியத்தில் அந்த நாற்றம் இல்லை, வெந்த கால்கள் இல்லை. மனிதர்கள் இருந்த இடத்தில் சிறகு வந்துவிட்டது.

அதே வீட்டு வாசலில் ஒரு கிறுக்கல் இருக்கிறது. யூட்டிகிஸ் என்ற கிரேக்கப் பெண்ணின் விலை 2 அஸ் என்கிறது. அஸ் என்பது செப்புக் காசு. அதே ஊரின் மதுக்கடைச் சுவர் ஒன்றில், 2 அஸ் கொடுத்தால் கொஞ்சம் நல்ல மது கிடைக்கும் என்று எழுதியிருக்கிறது. ஒரு பெண்ணுக்கும் ஒரு கோப்பைக்கும் ஒரே விலை. யூட்டிகிஸ் என்ற பெயருக்கு அதிர்ஷ்டம் உள்ளவள் என்று பொருள்.

அம்பேத்கர் ரோமானிய அடிமைமுறையையும் தீண்டாமையையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார். தீண்டாமையே அதைவிடக் கொடியது என்பது அவர் முடிவு. ரோமில் அடிமைக்கு ஒரு வாசல் இருந்தது. விடுதலைக்குப் பின் பிறக்கும் பிள்ளை சுதந்திரமாகப் பிறக்கும். சாதியில் பிறந்தவருக்கு அந்த வாசலும் இல்லை. அதனால் ரோமும் நம் ஊரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அந்த வாசல் என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். அது ஒவ்வொருவராகத்தான் வெளியே விட்டது. வெளியே வந்தவர்கள் தாங்களும் அடிமைகளை வாங்கினார்கள். உள்ளே இருந்தவர்கள் தங்கள் முறை வரும் என்று காத்திருந்தார்கள். அடிமைமுறை பல நூற்றாண்டுகள் அசையாமல் நின்றது. இதை ரோமானியச் சட்டநூல்களில் படிக்கலாம். கல்லிலும் சுவரிலும் கண்ணாலேயே பார்க்கலாம்.

நம்மில் ஒருவர் மேலே வரும்போது நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டும். யூரிசாசெஸின் கல்லறைக்கு முன்னால் நானும் கைதட்டத்தான் செய்வேன். தட்டி முடித்த பிறகு, மேசையைச் சுற்றி மாவு உருட்டிக்கொண்டு நிற்கிறார்களே, அவர்கள் ஒவ்வொருவரையும் உற்றுப் பார்ப்பேன். நாம் எடுக்கும் படங்களிலும் வரையும் சுவர்களிலும் அவர்களுக்குப் பெயர் இருக்கட்டும்.