எனக்குப் பிடித்த புத்தகம்: புத்தம் வீட்டுப் பெண்ணும் பனையேறி மகனும்

(திற்பரப்பில் நடந்த இளைஞர் வாசிப்புக் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



'உங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகம், அது ஏன் பிடித்தது' என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தோழர் ஒருவர் அண்ணல் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' நூலைச் சொன்னார். இன்னொரு தோழி பாமாவின் 'கருக்கு' நூலைச் சொன்னார். இரண்டுமே எனக்கும் பிடித்தவை. 'சாதி ஒழிப்பு' மேடையில் பேசுவதற்காக எழுதப்பட்டு, பேசப்படாமலே போன உரை. 1936-இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற அமைப்பு அவரைத் தலைமையுரைக்கு அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்துவிட்டுப் பயந்துபோய் மாநாட்டையே ரத்து செய்தது. அம்பேத்கர் தன் கைக்காசில் 1500 படிகள் அச்சடித்து வெளியிட்டார். பெரியார் அதைத் தமிழில் 'குடி அரசு' ஏட்டில் கொண்டுவந்தார். நாம் இன்று தடையில்லாமல் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதே அந்த உரைக்குக் காட்டும் மரியாதை என்று நினைக்கிறேன்.

நான் தேர்ந்தெடுத்திருக்கும் புத்தகம் இந்த வரிசையில் வழக்கமாக வராதது. ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதிய 'புத்தம் வீடு'. 1964-இல் வெளிவந்த நாவல். நம் மாவட்டத்து நாவல். இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் படித்திருக்கிறீர்கள் என்று கூட்டம் தொடங்கும் முன் விசாரித்தேன். மூன்று பேர் சொன்னார்கள். அந்த மூன்று பேரும் கல்லூரிப் பாடத்துக்காகப் படித்தவர்கள்.

ஹெப்சிபா 1925-இல் பர்மாவில் பிறந்தவர். குடும்பத்துக்குப் புலியூர்க்குறிச்சிதான் சொந்த ஊர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக வேலை பார்த்தார். 2012-இல் மறைந்தார். கணவர் பேராசிரியர் ஜேசுதாசனோடு சேர்ந்து தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர். இவ்வளவு படித்த ஓர் அம்மா முதல் நாவலை எழுத உட்கார்ந்தபோது எடுத்துக்கொண்டது ஒரு பனைவிளையையும், அதில் இடிந்துகொண்டிருக்கும் ஒரு வீட்டையும்தான். பேசும் மொழியும் நம் வீடுகளில் பேசும் மொழி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புத்தம் வீடு என்பது பெயர்தான் புதுசு. ஒரு காலத்தில் வசதியாக வாழ்ந்து, இப்போது நொடித்துப்போன நாடார் குடும்பம். தாத்தா கண்ணப்பச்சிக்குப் பழைய பெருமை போகவில்லை. பேத்தி லிஸி படிக்கும் ஆசையுள்ள பெண். பெரியவள் ஆனதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது, வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள். அவர்கள் விளையில் பனையேறுகிறவர் அன்பையன். அவருடைய மகன் தங்கராஜ். லிஸிக்கும் தங்கராஜுக்கும் காதல் வருகிறது. வீடு சம்மதிக்கவில்லை. இடையில் ஒரு கொலைப்பழி தங்கராஜின் தலையில் விழுகிறது. எல்லாவற்றையும் கடந்து கடைசியில் இருவருக்கும் கல்யாணம் நடக்கிறது.

'காதல் கதைதானே, இதில் என்ன இருக்கிறது?' என்று கேட்கலாம். இதைக் கவனியுங்கள்: லிஸியும் தங்கராஜும் ஒரே சாதி. ஒரே மதம். ஒரே சபை. சாதிச் சான்றிதழில் இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான் இருக்கும். ஆனாலும் புத்தம் வீட்டுக்கு அவன் பனையேறி மகன். நிலம் வைத்திருக்கும் நாடாருக்கும் பனையேறும் நாடாருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோட்டை யாரும் சட்டம் போட்டு வரையவில்லை. வீட்டுத் திண்ணையில், கல்யாணப் பேச்சில், கோயிலில் உட்காரும் இடத்தில் அது தானாகவே தெரியும்.

எனக்கு இந்தப் புத்தகம் ஏன் பிடித்தது என்பதை இப்போது சொல்லலாம்.

நானும் அந்தச் சமூகத்தில் பிறந்தவன்தான். என் அம்மாவின் அப்பா பனையேறி. விடியும் முன்னே மரத்தில் இருப்பார். பாட்டி அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி போட்டுத்தான் பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணப் பேச்சு நடந்தபோது, 'பாட்டாவுக்கு என்ன வேலை?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். 'விவசாயம்' என்று எங்கள் வீட்டிலிருந்து பதில் போனது. கேட்டவர்களும் அதற்குமேல் துருவவில்லை. அவர்கள் வீட்டிலும் ஒரு பனையேறி இருந்திருப்பார். இரண்டு வீடும் சேர்ந்து இரண்டு கிழவர்களையும் மரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள்.

அந்தச் சம்பவம் நடந்தபோது எனக்கு உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. 'புத்தம் வீடு' படித்தபோதுதான் அதற்கு வார்த்தை கிடைத்தது. என் வீடும் ஒரு புத்தம் வீடு ஆகிவிட்டது என்று புரிந்தது.

கொஞ்சம் வரலாற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் இருக்கும் இந்தத் திற்பரப்பு ஒரு காலத்தில் திருவிதாங்கூரின் எல்லைக்குள் இருந்த ஊர். அந்த அரசில் நாடார் பெண்கள் மேலாடை அணிய உரிமை கேட்டுப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். சந்தைகளில் துணி கிழிக்கப்பட்டது, வீடுகள் எரிக்கப்பட்டன. 1859-இல்தான் அரசு ஆணை வந்தது. அந்த ஆணையை முழுவதும் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது என்று அதிலேயே நிபந்தனை இருந்தது. உரிமை கொடுக்கும்போதே படிக்கட்டையும் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். திருவிதாங்கூர் கோயில்களுக்குள் எல்லா சாதி இந்துக்களும் நுழையலாம் என்ற பிரகடனம் வருவதற்கு 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை மறைக்க ஒரு முயற்சி நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். சிபிஎஸ்இ ஒன்பதாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் சாதியும் உடை மாற்றமும் பற்றிய ஒரு பகுதி இருந்தது. அதிலிருந்து தேர்வில் கேள்வி வராது என்று 2016 டிசம்பரில் சுற்றறிக்கை வந்தது. 2019-இல் அந்தப் பாடமே நீக்கப்பட்டது. நாம் கோபப்பட்டோம். நியாயமான கோபம். அதே கோபத்தோடு நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். தில்லிக்காரன் பாடப் புத்தகத்திலிருந்து பக்கத்தை எடுத்தான். பனையேறிப் பாட்டாவின் பக்கத்தைக் குடும்ப வரலாற்றிலிருந்து எடுத்தது யார்?

இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு எதிர்ப்பு வரும். 'நாடார் சமூகம் அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தது. ஒற்றுமையாக இருந்ததால்தான் வந்தது. உள்ளே இருக்கும் பிரிவினையை எதற்கு வெளியே சொல்ல வேண்டும்?' இந்தக் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. ஒற்றுமை இல்லாமல் 1859 இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. கடைத்தெரு இல்லை. ஆனால் அந்த ஒற்றுமைக்குப் பனையேறியும் உழைத்தார், பனையேறியின் மனைவியும் அடிபட்டார். பலனைப் பங்குபோடும்போது மட்டும் அவரைத் திண்ணைக்குக் கீழே நிறுத்துவது என்ன ஒற்றுமை? சாதியின் பலமே இதில்தான் இருக்கிறது என்று அம்பேத்கர் விளக்கினார். ஒவ்வொருவருக்கும் கீழே ஒருவரை அது கொடுத்துவிடுகிறது. அதனால் ஏணியை உடைக்க யாருக்கும் முழு மனசு வருவதில்லை. இந்தத் தத்துவத்தை ஒரே சாதிக்குள், ஒரே விளைக்குள் வைத்துக் காட்டும் நாவல் 'புத்தம் வீடு'.

இந்த இடத்தில் நின்றுவிட்டால் அதுவும் பாதி வாசிப்புதான். பனையேறிக்கு நியாயம் கேட்கும் நான், எனக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. குமரி மாவட்டத்தில் சீர்திருத்தச் சபை எப்படி வந்தது? மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர் வரை போய்க் கிறிஸ்தவரானார். ஊழியரை அனுப்பச் சொல்லி அவர் கேட்டதன் பேரில்தான் ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809-இல் மயிலாடியில் கோயில் எழும்பியது. வேதமாணிக்கம் சாம்பவர் சமூகத்தில் பிறந்தவர். அவர் திறந்த வாசல் வழியாக வந்த பள்ளிக்கூடத்தில்தான் நாடார் பிள்ளைகள் எழுத்தறிந்தார்கள். அப்படிப் படித்து முன்னேறிய வீடுகளில் எத்தனை வீடுகள் இன்று ஒரு சாம்பவர் வீட்டில் பெண் எடுக்கும், பெண் கொடுக்கும்? லிஸிக்கும் தங்கராஜுக்கும் நடுவில் இருந்தது ஒரு படி. இது பல படி.

அதனால்தான் தோழி சொன்ன 'கருக்கு' நூலை 'புத்தம் வீடு' நாவலுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்கிறேன். கருக்கு என்றால் பனை மட்டையின் ஓரத்தில் இருக்கும் ரம்பப் பல். இரண்டு புத்தகமும் ஒரே மரத்தடியிலிருந்து வந்தவை. ஒன்று 1964, இன்னொன்று 1992. ஒன்றில் சபைக்குள் ஒரு சாதியின் உட்கோடு. இன்னொன்றில் கன்னியர் மடத்துக்குள்ளேயே தலித் பெண் சந்தித்த சாதி. முதலாவதைப் படித்து நான் அழுதேன். இரண்டாவதைப் படித்தபோது, நான் யாருடைய கையைக் கீறியிருக்கும் மட்டை என்று யோசிக்க வேண்டியிருந்தது. பிடித்த புத்தகம் ஒன்றோடு நின்றுவிடாமல் அடுத்த புத்தகத்துக்கு நம்மைத் தள்ள வேண்டும்.

லிஸியைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பெண்ணை வீட்டுக்குள் அடைப்பதைக் கட்டுப்பெட்டித்தனம் என்று மட்டும் பார்த்துவிடுகிறோம். சாதியின் சாரமே அகமணம்தான் என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே அம்பேத்கர் நிறுவினார். பெண் யாரைக் கட்ட வேண்டும் என்பதைக் கையில் வைத்திருந்தால்தான் சாதி அடுத்த தலைமுறைக்குப் போகும். லிஸியின் பள்ளிக்கூடத்தை நிறுத்திய கைதான் அவளுடைய கல்யாணத்தையும் நிறுத்தப் பார்க்கிறது. அவள் சத்தம் போடுவதில்லை, ஓடிப்போவதில்லை. ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவும் இல்லை. அந்த உறுதி எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த நாவல் கல்யாணத்தில் முடிகிறது. நம் காலத்துக் கதைகள் அப்படி முடிவதில்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவின் கொல்லப்பட்டார். பாளையங்கோட்டை நமக்குப் பக்கத்து மாவட்டம்தான். அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் எழுத்தாளர் தன் கதாபாத்திரங்களை உயிரோடு சேர்த்துவைத்தார். நாம் நிஜத்தில் சேர்ந்தவர்களை உயிரோடு வைத்திருக்கத் தெரியாத சமூகமாக இருக்கிறோம்.

கடைசியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். திற்பரப்பில் இன்று பனையைவிட ரப்பர்தான் கண்ணில் படுகிறது. விடியும் முன்னே மரத்தடிக்குப் போகிறவர் இன்று பால் வெட்டுகிறவர். அவருடைய மகள் அண்டியாபீஸுக்குப் போவாள், அல்லது உங்களோடு கல்லூரிக்கு வருவாள். அவர்கள் வீட்டோடு நமக்கு என்ன உறவு? கல்யாண வீட்டில் பந்தியில் சேர்ந்து உட்காருகிறோமா, பின்வாசலில் நிறுத்துகிறோமா? சம்பந்தம் பேச வந்தால் என்ன பதில் சொல்வோம்?

அடுத்த கூடுகைக்கு வரும்போது எல்லோரும் இரண்டு காரியம் செய்துவிட்டு வாருங்கள். ஒன்று, 'புத்தம் வீடு' படியுங்கள். சின்ன நாவல், இரண்டு மூன்று இரவு போதும். முடிந்தால் வீட்டில் அம்மாவுக்கு, பாட்டிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அந்தப் பேச்சு நடை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகப் புரியும். வாசிப்பதை நிறுத்தச் சொல்லி அவர்களே கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். இரண்டு, அப்படி அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். பாட்டா என்ன வேலை செய்தார், யாருடைய விளையில் செய்தார், யார் வீட்டுத் திண்ணையில் அவரை உட்காரவிடவில்லை என்று எழுதுங்கள். அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதுங்கள்: நம் வீட்டுத் திண்ணையில் யாரை உட்காரவிடவில்லை.

அந்த இரண்டாவது வரியை மறைக்காமல் எழுதத் துணிவு கொடுத்தது என்பதால்தான் 'புத்தம் வீடு' எனக்குப் பிடித்த புத்தகம்.