சுருக்கத்தில் வெட்டுப்படுவது யார்?

(நெமிலிச்சேரி மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம செய்திகள் செய்தியோடையில் போகும்போது ஒவ்வொன்றுக்கும் நாலுவரிச் சுருக்கம் வேணும், அதை மிஷினே தயார் பண்ணட்டும்னு ஒரு தம்பி சொன்னார். அதைப் பற்றித்தான் பேசுறேன்.

சுருக்கம் என்பது வெறும் வசதி இல்லை. எதை வைப்பது, எதை வெட்டுவது என்கிற அதிகாரம். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். அதைக் 'கூலித் தகராறு' என்று இரண்டே சொல்லில் முடிக்கிறவர்கள் இன்றும் உண்டு. கூலி உயர்வு கேட்டது உண்மைதான். ஆனால் அந்த இரண்டு சொல்லில் சாதி காணோம், கொளுத்தினவனும் காணோம். தகராறு என்றால் இரண்டு பக்கமும் சமம்னு ஆயிடுது.

மிஷின் எப்படிச் சுருக்குது? நாம் தனியாக எழுதித் தராவிட்டால், வேர்ட்பிரஸ் மென்பொருள் முதல் 55 சொற்களை வெட்டி எடுத்துக்கொள்ளும். நாமோ 'உலகமயச் சூழலில்' என்று ஆரம்பித்து, நாலாவது பத்தியில்தான் ஊர்ப்பெயரைச் சொல்றோம். 55 சொல்லுக்குள் செத்தவர் வரவே மாட்டார். செயற்கை நுண்ணறிவு முழுவதையும் படித்துச் சுருக்கும், சரி. அது கற்றுக்கொண்ட எழுத்துக் குவியலில் 'இரு தரப்பினர் மோதல்' நிறையவே கிடக்கிறதே!

ஆகவே சுருக்கத்தை நாமே எழுதுவோம். யார், யாரை, எங்கே, எப்போது, என்ன செய்தார், வழக்கு எந்த நிலையில். இவ்வளவுதான். 'தாக்கப்பட்டார்' என்று நிறுத்தாதீங்க; தாக்கியதாகப் புகார் யார்மீது என்பதையும் எழுதுங்க. பாலியல் வன்கொடுமை என்றால் பெண்ணின் பெயரோ அடையாளமோ வேண்டாம், சட்டமும் தடுக்கிறது.

காவல் நிலையத்தில் எழுதும் முதல் தகவல் அறிக்கையும் ஒருவகைச் சுருக்கம்தான். அழுதுகொண்டே அரைமணி நேரம் சொன்னது பத்து வரியாகுது. அதில் 'முன்விரோதம்' மட்டும் விழுந்தால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நழுவிப்போகும். வாய்மொழிப் புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்கும் முன்பு புகார் தந்தவருக்கு வாசித்துக் காட்டுவதை 2015 திருத்தம் அதிகாரியின் கடமையாக்கியிருக்கிறது. கேட்டு வாங்குங்க.

போலீசுக்குச் சொல்கிற விதி நமக்கும்தான். நாலுவரியை ஓடையில் விடும் முன்பு பாதிக்கப்பட்டவருக்கு வாசித்துக் காட்டுங்க. 'ஆமா, இதுதான் நடந்துச்சு' என்று அவர் சொன்னால் வெளியிடுவோம். இல்லையென்றால் திருத்தி எழுதுவோம்.