கடலுக்கடியில் கேட்கும் அலை



பெங்களூரு அருகே உள்ள சந்தாபுராவிலிருந்து காரில் தெற்கே கிளம்புகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். ஓசூர் வரை தெளிவாகப் பாடிக்கொண்டிருந்த பெங்களூரு எஃப்.எம்., கிருஷ்ணகிரி நெருங்க நெருங்கக் கரகரத்து, பிறகு நின்றேபோகும். அதே பயணத்தில் 612 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றினால், பெங்களூரு மத்திய அலை இன்னும் வெகுதூரம் கூடவே வரும். எல்லாம் அலையின் குணம்.

எஃப்.எம். அலை 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டியது. ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவைத் தாண்டி அதிகம் போகாது. கப்பலும் கப்பலும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் கருவியும் இதே இனம்தான். ஆபத்துக் குரலுக்கென்று உலகம் முழுவதும் ஒதுக்கிய 16-ஆம் சேனல் இருப்பது 156.8 மெகாஹெர்ட்ஸில். ஆன்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரண்டு கப்பல்கள் சுமார் 40 கிலோமீட்டர் வரை பேசலாம். அதற்கு மேல் தொடுவானம் மறைத்துவிடும்.

தொலைவில் இருக்கும் கப்பலுக்குச் சிற்றலை, அதாவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை. வானத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அதைத் திருப்பி அனுப்பும். வீட்டில் இலங்கை வானொலியைச் சிற்றலையில் பிடித்த பெரியவர்களைக் கேளுங்கள். ஒலி ஏறி இறங்கியதைச் சொல்வார்கள். வெயிலைப் பொறுத்து அந்த மண்டலம் மாறுவதால், கடற்படையினர் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று அதிர்வெண்ணை மாற்றிக்கொள்வார்கள்.

நீர்மூழ்கிக் கப்பலிடம் இவை எதுவும் செல்லாது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் அலையை விழுங்கிவிடும். 10 மெகாஹெர்ட்ஸ் அலை எட்டு சென்டிமீட்டர் ஆழத்திலேயே தன் வலுவில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம் என்று இளைத்துவிடும். 18 கிலோஹெர்ட்ஸ் அலைக்கு அதே இளைப்பு கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் ஆழத்தில்தான் வரும். ஆகவே, பத்திருபது மீட்டர் கீழே இருக்கும் கப்பலாலும் அதைக் கேட்க முடிகிறது. இந்த அலை தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே ஓடி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்ச் சேரும்.

இதற்கான நிலையம் நம் திருநெல்வேலிச் சீமையில், நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் இருக்கிறது. பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். 1990 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அங்கிருந்து போகும் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் பதினாறரை கிலோமீட்டர். அதைக் கிளப்ப வேண்டுமென்றால் ஆன்டெனாவும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். அங்குள்ள கம்பங்களில் உயர்ந்தவை 470 மீட்டர் அளவு, ஈபிள் கோபுரத்தையும் மிஞ்சியவை. இழுவைக் கம்பிகள்தான் அவற்றைத் தாங்கி நிற்கின்றன.

இவ்வளவு செய்தும் அதில் பேச்சுக் குரல் போகாது. மெதுவாக எழுத்துகள் மட்டுமே போகும். கடலடியில் இருப்பவர்களால் அதே அலையில் பதில் அனுப்பவும் முடியாது. அத்தனை பெரிய ஆன்டெனாவுக்குக் கப்பலில் ஏது இடம்? இருந்தாலும் எனக்கு இதுவே மிகப் பெரிய சேவையாகத் தெரிகிறது. சிற்றலையில் பதில் சொல்ல மேலே வந்தால், எதிரி திசை பார்த்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். வாரக்கணக்கில் வாய் திறக்காமல் கீழே கிடக்கும் மாலுமிகளுக்குக் கரையின் ஆணையும் செய்தியும் இந்த அலை வழியாகத்தான் கிடைக்கின்றன.

ஒரே நிலையத்தை நம்பியிருப்பது சரியல்ல. கடற்படையின் இரண்டாவது நிலையத்துக்குத் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டம், தாமகுண்டம் காட்டுப் பகுதியில் 2024 அக்டோபர் 15 அன்று அடிக்கல் நாட்டினார்கள்.